பட்டன் ஃபோன் அத்தைக்கு அமெரிக்காவிலிருந்து பேச எந்த காலிங் கார்ட்?

கேள்வி இது: அப்பாவும் அம்மாவும் மே மாதம் நியூ ஜெர்சி வருகிறார்கள், ஆறு மாதம் இருப்பார்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் தன் அக்காவிடம் அப்பா தினமும் இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். அத்தையிடம் இருப்பது பட்டன் ஃபோன், வாட்ஸ்அப்புக்கு வழியில்லை. வீட்டுக்குப் பக்கத்து இந்தியக் கடையில் ஐந்து டாலருக்கு 250 நிமிடம் என்று காலிங் கார்ட் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1999ல் தொடங்கி ஐந்து வருடம் நியூ ஜெர்சியில் ஒரு இந்திய மளிகைக் கடையின் கல்லாவில் நின்றவன் நான். பருப்பு, புளி விற்றதைவிட காலிங் கார்ட் விற்றதுதான் அதிகம் என்று தோன்றும். அப்புறம் சர்வதேச அழைப்புகளை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் பில்லிங் வேலை. ஆக, கார்டை விற்றவனும் நான்தான், அதன் காசு எங்கே போகிறது என்று பின்னால் பார்த்தவனும் நான்தான். காலிங் கார்ட் தெரியாதவர்களுக்கு: அது முன்பணம் கட்டி வாங்கும் அட்டை. அதிலுள்ள ஆக்சஸ் நம்பரை அழைத்து, சுரண்டினால் தெரியும் பின் நம்பரைத் தட்டி, பிறகு ஊர் எண்ணைப் போட்டுப் பேச வேண்டும்.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: சுவரில் ஒட்டியிருக்கும் 250 நிமிடத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த எண் உங்கள் அப்பா பேசும் விதத்துக்காக எழுதப்பட்டதல்ல. அவர் தினமும் நாலு நிமிடம் பேசுகிறவர் என்றால், அந்த வகைக் கார்டு அவருக்கு ஆகவே ஆகாது. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசுகிறவராக இருந்தால் கதை வேறு.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இது எந்தக் குறிப்பிட்ட கார்டின் கணக்கும் அல்ல, நான் பார்த்த பல கார்டுகளின் சாயலில் போட்டது. ஐந்து டாலர் கார்டு, நிமிடத்துக்கு 2 சென்ட். ஐந்தை இரண்டு சென்ட்டால் வகுத்தால் 250 நிமிடம், விளம்பரம் பொய் இல்லை. ஆனால் கார்டின் பின்புறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், மூன்று விஷயம் இருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் கனெக்‌ஷன் ஃபீ 49 சென்ட். நேரம் மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கிடப்படும். முதல் அழைப்புக்குப் பிறகு வாரம் 69 சென்ட் மெயின்டனன்ஸ் ஃபீ. இப்போது அப்பா நாலு நிமிடம் பேசுகிறார். அது ஆறு நிமிடமாகிறது, 12 சென்ட். அதோடு 49 சேர்த்தால் ஓர் அழைப்பு 61 சென்ட். ஏழு நாளைக்கு 4 டாலர் 27 சென்ட். வாரக் கட்டணம் 69 சென்ட். மொத்தம் 4 டாலர் 96 சென்ட். கார்டில் மிச்சம் நாலு சென்ட், அப்பா பேசியது 28 நிமிடம். 250 எங்கே, 28 எங்கே!

இதே கல்லாவில், பக்கத்தில் தொங்கும் இன்னொரு கார்டு நிமிடத்துக்கு 5 சென்ட் என்கிறது. ஐந்து டாலருக்கு வெறும் 100 நிமிடம். பார்த்தவுடன் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் கனெக்‌ஷன் ஃபீ கிடையாது, வாரக் கட்டணம் கிடையாது, ஒவ்வொரு நிமிடமாகக் கணக்கு. அதில் அப்பா 25 நாள், நாளுக்கு நாலு நிமிடம் பேசலாம். விலை அதிகமாகத் தெரிந்த கார்டு மூன்றரை மடங்கு பேச்சு கொடுக்கிறது. நாங்கள் அதை விற்கவே கஷ்டப்பட்டோம் என்பது வேறு விஷயம். சுவரில் பெரிய எண் இருக்கும் கார்டுதான் ஓடும்.

அந்தப் பெரிய எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கார்டு முழுவதையும் ஒரே அழைப்பில், நடுவில் வைக்காமல் பேசித் தீர்க்க வேண்டும். நாலு மணி நேரம் யார் பேசுவார்கள்? அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2015ல் ஆறு நிறுவனங்களுக்குத் தலா 50 லட்சம் டாலர் அபராதம் போட்டதற்கு அடிப்படை இதுதான். ஓரிரு டாலருக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நிமிடம் என்று விளம்பரம் செய்துவிட்டு, அதில் ஒரு சிறு பகுதியைத்தான் பேச முடிகிற மாதிரி கட்டணங்களை ஒளித்து வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே, 2008ல், வாடிக்கையாளரை ஏமாற்றும் வியாபாரத்தை விசாரிக்கும் அமெரிக்க அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு வழக்குக்காகக் கார்டுகளை வாங்கிச் சோதித்தபோது, சொன்ன நிமிடங்களில் சராசரியாகப் பாதிதான் கிடைத்தது. எங்கள் கடைக்கு வந்த பரோட்டா மாஸ்டர் அதை அவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் உங்களுக்குச் சொல்லப்போகும் பரிசோதனை அவருடையது. பக்கத்து உணவகத்தில் வேலை, ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. எந்தக் கார்டு வாங்கினாலும் முதல் நாளே எழுதிவிடுவார்: எத்தனை மணிக்கு டயல் செய்தார், எப்போது எடுத்தார்கள், எப்போது வைத்தார், அடுத்த முறை டயல் செய்யும்போது கார்டில் எவ்வளவு மிச்சம் சொல்கிறது. மூன்று நிமிடக் கணக்குள்ள கார்டு என்றால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசி, இரண்டு நிமிடம் ஐம்பது வினாடியில் "சரி வைக்கிறேன்" என்பார். பிள்ளை அழுதுகொண்டிருந்தாலும் வைத்துவிடுவார். பேச்சு மிச்சம் இருந்தால் ஐந்து நிமிடம் ஐம்பது வரை போவார், நாலாவது நிமிடத்தில் வைப்பது அவருக்குப் பெரிய பாவம்.

ஒருநாள் புதிதாக வந்த ஒரு கார்டை எடுத்துப்போனவர், மறுநாள் நோட்டோடு வந்து நின்றார். மூன்று முறை அழைத்திருக்கிறார், மூன்று முறையும் யாரும் எடுக்கவில்லை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் கார்டில் காசு குறைந்திருக்கிறது. நான் ஏதோ பிழை என்று சமாளித்தேன். பிழை இல்லை என்று பிறகு பில்லிங் வேலைக்குப் போனபோதுதான் புரிந்தது. எதிர்முனையில் ஃபோன் எடுக்கப்படும் முன்பே நடுவில் ஒரு கருவி "எடுத்தாயிற்று" என்று சமிக்ஞை அனுப்பிவிடும். உங்கள் காதில் விழும் மணிச் சத்தம் பதிவு செய்து ஓட்டுவதாகவும் இருக்கலாம். கட்டண மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். எங்கள் தொழிலில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, அந்த அளவுக்குப் பரவலாக நடந்தது.

இன்னொன்றும் அவர் நோட்டில் தெரிந்தது. புதுக் கார்டு வந்த முதல் இரண்டு மூன்று வாரம் நிமிடமெல்லாம் ஒழுங்காகக் கிடைக்கும். ஊர் முழுக்கப் பேச்சு பரவி எல்லோரும் அதையே கேட்க ஆரம்பித்ததும், அதே கார்டு தேய ஆரம்பிக்கும். பிறகு விநியோகஸ்தர் வேறு பெயரில், வேறு படத்தோடு (பெரும்பாலும் மயில், தாஜ்மகால் அல்லது புலி) அடுத்ததைக் கொண்டுவருவார். அதனால்தான் "என் நண்பர் போன வருடம் இந்தக் கார்டு நன்றாக இருக்கிறது என்றார்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. கார்டின் பெயரை நம்பிப் பயனில்லை, நீங்களே அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பது எப்படி? இருப்பதிலேயே சிறிய தொகைக் கார்டை வாங்குங்கள், இரண்டு டாலர் கிடைத்தால் இரண்டு டாலர். சுரண்டி, பின் நம்பரைப் போட்டதும் ஒரு குரல் இருப்பைச் சொல்லும், குறித்துக்கொள்ளுங்கள். முதல் அழைப்பு, அத்தைக்கு முன்பே சொல்லிவைத்து, எடுக்காமல் விடச் சொல்லுங்கள். ஆறேழு மணி அடித்ததும் வையுங்கள். மறுபடி டயல் செய்து இருப்பைக் கேளுங்கள். குறைந்திருந்தால் அந்தக் கார்டைத் தூக்கிப் போடலாம், மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. குறையவில்லை என்றால் இரண்டாவது அழைப்பில் சரியாக ஒரு நிமிடம் சில வினாடி பேசி வையுங்கள். எவ்வளவு கழிந்தது என்பதிலேயே கனெக்‌ஷன் ஃபீயும் எத்தனை நிமிடக் கட்டு (அதாவது எத்தனை எத்தனை நிமிடமாகக் கணக்கு) என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். பிறகு ஒரு வாரம் தொடாமல் வைத்து மீண்டும் கேளுங்கள், வாரக் கட்டணம் தானாக வெளியே வரும். "உங்களுக்கு இத்தனை நிமிடம் இருக்கிறது" என்று அந்தக் குரல் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். டாலர் கணக்கில் சொல்லும் இருப்புதான் முக்கியம். டாலரில் சொல்லாமல் நிமிடத்தில் மட்டும் சொல்லும் கார்டு என்றால் எனக்கு அங்கேயே சந்தேகம்.

இன்னொரு தந்திரம் ஆக்சஸ் நம்பரில். ஒரே கார்டில் இரண்டு எண் இருக்கும்: 800 என்று தொடங்கும் டோல் ஃப்ரீ எண், உங்கள் ஊர் எண். "ஃப்ரீ" என்பதைப் பார்த்து எல்லோரும் முதலாவதைப் போடுவார்கள். உங்களுக்கு இலவசம் என்றால் அந்தச் செலவை யாரோ ஏற்க வேண்டும் அல்லவா, அது கார்டில்தான் கழியும். விளம்பரத்தில் இருக்கும் நிமிடம் பெரும்பாலும் உள்ளூர் எண்ணுக்கானது. இப்போது எல்லோரிடமும் உள்ளூர் பேச்சு அளவில்லாத செல்ஃபோன் திட்டம் இருப்பதால் உள்ளூர் எண்ணையே போடுங்கள். அந்தக் காலத்தில் பொதுத் தொலைபேசியிலிருந்து டோல் ஃப்ரீ எண்ணைப் போட்டால் அதற்கும் தனியாக ஒரு கட்டணம் போகும். இன்று பொதுத் தொலைபேசியே கண்ணில் படுவதில்லை, அந்தக் கவலை போயிற்று.

சரி, நியாயமான விலை எவ்வளவு? இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று கண்ணுக்கே தெரிந்துவிடும். வெளிநாட்டு அழைப்பு ஒன்று இந்தியாவில் வந்து இறங்கும்போது, அதை அத்தையின் ஃபோனுக்குக் கொண்டுசேர்க்கும் இந்திய நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று தர வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 2018 பிப்ரவரியில் 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது. 2020 மே முதல் 35 பைசாவிலிருந்து 65 பைசாவுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றியது. ஒரு டாலரை 85 ரூபாய் என்று வைத்தால், 35 பைசா என்பது 0.4 சென்ட், 65 பைசா என்பது முக்கால் சென்ட். எனவே இந்தியாவுக்கு நிமிடத்துக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு சென்ட் என்று ஒருவர் விற்றால் நம்பலாம். ஆனால் இரண்டு டாலருக்கு ஆயிரம் நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 0.2 சென்ட், அதாவது 17 பைசா. வாங்கும் விலையே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பருப்பைக் கொள்முதல் விலையில் பாதிக்கு விற்கும் கடைக்காரர் உண்டா? ஒன்று அந்த நிமிடங்கள் கிடைக்காது, அல்லது அழைப்பு நேர்வழியில் போகவில்லை.

நேர்வழியில் போகாதது என்றால், இணையம் வழியாக இந்தியாவுக்குள் கொண்டுவந்து, ஏதோ ஒரு வாடகை அறையில் நூற்றுக்கணக்கான சிம் செருகிய பெட்டியிலிருந்து உள்ளூர் அழைப்பு மாதிரி அனுப்புவது. சிம் பாக்ஸ் பிடிபட்டது என்று அடிக்கடி செய்தியில் படிக்கிறோமே, அதுதான். அத்தையின் ஃபோனில் நியூ ஜெர்சி எண்ணுக்குப் பதிலாக யாரோ முகம் தெரியாத இந்திய எண் தெரியும். அவர் திருப்பிக் கூப்பிட்டால் வேறெங்கோ போகும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இந்திய எண்ணாகக் காட்டும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆகவே மலிவு விலைக் கார்டு ஒருநாள் கிடைக்கும், மறுநாள் கிடைக்காது என்று இருந்தால் காரணம் இப்படியும் இருக்கலாம்.

இலங்கைக்குப் பேசுகிறவர்கள் இதைப் படித்தால், இந்தியக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இறங்கும் கட்டணம் பல மடங்கு அதிகம். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு சென்ட் என்று எந்தக் கார்டாவது சொன்னால் எட்டவே நில்லுங்கள். வளைகுடாவிலும் நிலைமை வேறு. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது என்பதால், அங்கே அனுமதி பெற்ற நிறுவனங்களின் கார்டும் செயலியும்தான் வழி. அங்கே தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது சுரண்டும் கார்டே அல்ல, பின்லெஸ் கணக்கு. பெயர்தான் வேறு, அதுவும் முன்பணம் கட்டும் கார்டுதான். ஒரு நிறுவனத்தில் ஐந்தோ பத்தோ டாலர் போட்டு அப்பாவின் அமெரிக்க செல்ஃபோன் எண்ணைப் பதிந்துவிட்டால், ஆக்சஸ் நம்பரை அழைத்தவுடன் அவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும், பத்துப் பன்னிரண்டு இலக்க பின் நம்பரைத் தட்ட வேண்டியதில்லை. அத்தையின் எண்ணுக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கித் தருவார்கள். அதை "அக்கா" என்று அப்பாவின் ஃபோனில் சேமித்துக் கொடுத்தால், சாதாரண அழைப்பு மாதிரி ஒரு தட்டில் முடிந்தது. அறுபது எழுபது வயதுக்காரருக்கு இந்த வசதி இரண்டு சென்ட் மிச்சத்தைவிடப் பெரியது. கடையில் கார்டு வாங்கிப்போன பெரியவர்கள் பாதிப் பேர் மறுநாள் வந்து "தம்பி, இந்த நம்பரைப் போட்டுக் கொடு" என்று நிற்பார்கள். கண்ணாடியைத் தேடி, பின் நம்பரில் ஓர் இலக்கம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

நிமிடத்துக்கு 2 சென்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கனெக்‌ஷன் ஃபீ இல்லாவிட்டால் தினம் நாலு நிமிடம், மாதம் 120 நிமிடம், 2 டாலர் 40 சென்ட். ஆறு மாதத்துக்கும் பதினைந்து டாலருக்குள். பதியும்போது மூன்றே மூன்று விஷயம் பாருங்கள்: ஒரு நிமிடக் கட்டா, கனெக்‌ஷன் ஃபீயும் மாதக் கட்டணமும் உண்டா, இருப்பு எத்தனை நாளில் காலாவதியாகும். இருப்பு குறைந்தால் தானாகவே கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் அது முதலிலேயே டிக் செய்யப்பட்டிருக்கும். அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு எப்படியும் ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்குவீர்கள். இந்திய அழைப்பையும் சேர்த்துத் தரும் திட்டங்கள் உண்டு. அதில் இந்திய செல்ஃபோனும் அடங்குகிறதா, லேண்ட்லைன் மட்டுமா என்று கேட்டுக்கொண்டு அதையே எடுத்துவிட்டால் இந்த வேலைகூட மிச்சம். முன்பு இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஸ்கைப் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். அதை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். பழைய பதில்களைப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கடைக் கார்டு எதற்குமே உதவாதா என்றால், உதவும். கிரெடிட் கார்டு எண்ணை இணையத்தில் கொடுக்க விரும்பாதவர்கள், வீட்டு லேண்ட்லைனை மட்டும் வைத்திருப்பவர்கள், வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் வாங்கலாம். ஒரு மணி நேரப் பேச்சில் 49 சென்ட் கனெக்‌ஷன் ஃபீ பெரிதாகத் தெரியாது. ஆனால் பத்து டாலர் கார்டு வாங்கி மூன்று மாதம் வைத்துப் பேசலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வாரக் கட்டணம் தின்றுவிடும். ஐந்து டாலர் கார்டை வாங்கி இரண்டு மூன்று அழைப்பில் தீர்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். வாங்கும்போது பின்புறத்தில் வாடிக்கையாளர் சேவை எண் இருக்கிறதா என்று பார்த்து, கல்லாவில் நிற்கும்போதே அதை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்காவிட்டால் கார்டை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். சுரண்டிய பிறகு எந்தக் கடையிலும் திரும்ப வாங்க மாட்டார்கள். நானும் வாங்கியதில்லை.

கடைசியாக அத்தையின் பக்கம். கார்டு சரியில்லை என்று வந்த புகார்களில் கணிசமானவை எண்ணைத் தப்பாகப் போட்டதால் வந்தவை. 011, அடுத்து 91, அடுத்து பத்து இலக்கம், அவ்வளவுதான். நடுவில் பூஜ்யம் கிடையாது. புதுக்கோட்டை லேண்ட்லைன் என்றால் 04322 என்பதில் முதல் பூஜ்யத்தை விட்டு 4322. அத்தையின் சிம்முக்கு ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டால் இப்போதெல்லாம் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும் என்பதையும் மறக்காதீர்கள். நீண்ட நாள் செல்லுபடியாகும் ரீசார்ஜ் ஒன்றை அப்பா கிளம்பும் முன்பே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அதோடு, அப்பா அழைக்கும்போது +1 என்று தொடங்கும் எண் தெரியும், அதை எடுக்கலாம் என்று அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போலீஸ் பேசுகிறோம், பேங்க் பேசுகிறோம் என்று ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டதால், தெரியாத எண்ணைக் கிராமத்துப் பெரியவர்கள் இப்போது எடுப்பதே இல்லை. அது நல்ல பழக்கம்தான், ஆனால் அதில் தம்பியும் மாட்டிக்கொள்ளக் கூடாது. மே முதல் அக்டோபர் முடியும்வரை நியூ ஜெர்சி இரவு ஒன்பதரை என்றால் அங்கே காலை ஏழு. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு அதே ஏழுக்கு இங்கே எட்டரைக்கே அழைக்க வேண்டும், அதையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.